தாயம் விழ எட்டில் ஒன்று: நிகழ்தகவில் கீழே எதைப் போடுவது?

செங்கோட்டையிலிருந்து பி.காம். முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டது, சுருக்கமாக: "புள்ளியியல் தாளில் நிகழ்தகவு வந்ததும் தடுமாறுகிறேன். எப்போது கூட்ட வேண்டும், எப்போது பெருக்க வேண்டும்? ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றுதானா? நிபந்தனை நிகழ்தகவில் கீழே எதைப் போடுவது? அப்புறம், என் மாமா கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு போய் லாட்டரி எடுப்பவர். 500 சீட்டுக்கு ஒரு பரிசு என்றால் 500 எடுத்தால் ஒன்று விழுந்துதானே ஆகணும் என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை."

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. பின்னத்தின் கீழே என்ன நிற்கிறது என்று பார்க்காமல் மேலே உள்ளதை மட்டும் எண்ணுகிறோம். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. சூத்திரத்தைத் தொடும் முன் "எத்தனையில்?" என்று கேட்டுப் பழகினால் முதல் பருவத்துக்கான நிகழ்தகவில் பாதி முடிந்தது.

பாடப்புத்தகம் நாணயம், பகடை, 52 சீட்டு என்று ஆரம்பிக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்குள் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தால் முதுகில் விழும். இதில் ஸ்பேடு எத்தனை, கிளாவர் எத்தனை என்று பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பது? அதனால் தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆச்சி வைத்திருப்பார்.

இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் விழக்கூடியவை தாயம் (1), இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்கிறோம். மொத்தம் ஏழு விதம். காய் இறக்கத் தாயம் விழ வேண்டும். அதன் நிகழ்தகவு என்ன?

வகுப்பில் பாதிப் பேர் ஏழில் ஒன்று என்பார்கள். ஏழு விதம்தானே விழுகிறது! ஆனால் அந்த ஏழும் சமமாக விழுவதில்லை. முதல் கட்டையில் நான்கு, அது ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதில் நான்கு, ஆக 16 ஜோடி. இந்த 16-தான் சமவாய்ப்புள்ள கூறுபுள்ளிகள். இவை சேர்ந்தது கூறுவெளி. இப்போது எண்ணுங்கள். தாயம் விழ (வெறுமை, 1) அல்லது (1, வெறுமை) வர வேண்டும்: 2/16. இரண்டுக்கு மூன்று ஜோடி. மூன்றுக்கு நான்கு ஜோடி, (வெறுமை, 3), (1, 2), (2, 1), (3, வெறுமை). நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்றே ஒன்று, பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. கூட்டினால் 2+3+4+3+2+1+1 = 16. மொத்தம் இப்படிச் சரியாக வருகிறதா என்று எப்போதும் பார்த்துவிடுங்கள். தேர்வில் அரை நிமிடம்கூட ஆகாது, தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆக, தாயம் எட்டில் ஒன்று. ஏழில் ஒன்று என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதே வழியில் சறுக்கினார். இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு என்றார். முதல் சுண்டிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆக மொத்தம் மூன்று விதம் (தலை; பூ-தலை; பூ-பூ) என்பது அவர் வாதம். அந்த மூன்றும் சமமில்லை. சரியான விடை நான்கில் மூன்று.

கட்டைக்குப் பதில் சோழி போட்டால் கதை வேறு. சோழி மல்லாந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சமம் என்று சொல்ல ஆதாரமில்லை. அதன் வடிவமே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வாய். அங்கே எண்ணிப் பார்க்கும் வழி செல்லாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு முறை போட்டு எத்தனை முறை மல்லாந்தது என்று குறித்தால் கிடைப்பது ஒப்பீட்டு நிகழ்வெண். பாதிக்குப் பாதி ஒட்டி விழுகிற சோழிக்கு நூறு வீச்சில் ஏறத்தாழ பத்து விழுக்காடு முன்பின் தள்ளாட்டம் இருக்கும். ஆயிரத்தில் அது மூன்று விழுக்காட்டுக்கு இறங்கும். பிழை பாதியாக வேண்டுமானால் வீச்சு நான்கு மடங்காக வேண்டும். புள்ளியியலின் பெரும்பகுதி சோழி பக்கம்தான், கட்டை பக்கம் இல்லை. ஆனால் இலக்கணம் கற்கக் கட்டையே வசதி.

சரி, கூட்டலுக்கு வருவோம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது வழக்கம். மறு ஆட்டம் கிடைக்கும் நிகழ்தகவு 2+2+1+1, அதாவது 6/16. இங்கே தைரியமாகக் கூட்டலாம், ஏனென்றால் ஒரே வீச்சில் தாயமும் ஐந்தும் சேர்ந்து விழ முடியாது. இதுதான் ஒன்றையொன்று விலக்குதல். சேர்ந்து விழ முடிகிற இடத்தில் கூட்டினால் ஒரே புள்ளியை இரண்டு தடவை எண்ணிவிடுவோம். "முதல் கட்டை வெறுமை" 4/16, "இரண்டாம் கட்டை வெறுமை" 4/16. ஏதாவது ஒன்று வெறுமையாக 8/16 என்றால் தப்பு. (வெறுமை, வெறுமை) இரண்டிலும் இருக்கிறது. ஒன்றைக் கழித்தால் 7/16.

பெருக்கல் எங்கே? இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிற இடத்தில். முதல் கட்டை வெறுமையாக விழுந்த செய்தி இரண்டாம் கட்டையைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லவில்லை; அதனால் 1/4 × 1/4 = 1/16. இது சார்பின்மை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றா? ஒன்றில்லை என்பது மட்டுமல்ல, கிட்டத்தட்ட நேர் எதிர். "முதல் கட்டை வெறுமை" என்பதும் "ஆறு விழுந்தது" என்பதும் விலக்கும் நிகழ்ச்சிகள். முதலாவது நடந்தது என்று தெரிந்த நொடியே இரண்டாவது நடக்கவே நடக்காது என்றும் தெரிந்துவிடுகிறது. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றதை அடியோடு மாற்றிவிடுகிறது. இதைவிடப் பெரிய சார்பு ஏது? இரண்டுக்கும் நிகழ்தகவு பூச்சியம் இல்லாதவரை, விலக்கும் நிகழ்ச்சிகள் ஒருநாளும் சார்பிலா நிகழ்ச்சிகள் ஆகா.

சார்பின்மையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு இதே கட்டையில் அழகான உதாரணம் இருக்கிறது. "முதல் கட்டையில் 1" என்று தெரிந்தபின் தாயம் விழும் நிகழ்தகவு என்ன? இரண்டாவது வெறுமையாக வேண்டும்: 1/4. முன்பு 1/8 இருந்தது, இப்போது இரட்டிப்பாகிவிட்டது. ஆக இவை சார்புள்ளவை. அதே "முதல் கட்டையில் 1" தெரிந்தபின் மூன்று விழும் நிகழ்தகவு? இரண்டாவதில் 2 வர வேண்டும்: 1/4. முன்பும் 4/16, அதாவது 1/4. மாறவே இல்லை! முதல் கட்டையில் எது விழுந்தாலும் மூன்றை முடிக்க இரண்டாவதில் சரியாக ஒரு பக்கம் இருக்கிறது. ஆக "முதல் கட்டையில் 1" என்பதும் "மூன்று விழுந்தது" என்பதும் சார்பிலா நிகழ்ச்சிகள். பார்த்தால் நம்பத் தோன்றாது. இந்த இரண்டையும் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிபந்தனை நிகழ்தகவு என்று பயந்தது இதுதான், இப்போதே செய்துவிட்டீர்கள். "முதல் கட்டையில் 1" என்றதும் 16 புள்ளியில் 12-ஐ அடித்துவிட்டு மிச்சம் நான்கை மட்டும் கீழே வைத்தோம். கீழே இருப்பது மாறியது, அவ்வளவே. சூத்திரத்தில் இரண்டும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவை நிபந்தனையின் நிகழ்தகவால் வகுக்கச் சொல்வதும் இதைத்தான். தாயத்துக்கு: 1/16-ஐ 4/16-ஆல் வகுத்தால் 1/4.

மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் திருப்பிப் போடுவதில். புளியரைச் சோதனைச் சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதும் பிடிபடுவதும் நம் பக்கம் பழகிப்போன செய்தி. எண்கள் என் கற்பனை: ஒரு நாளில் 1,000 லாரி, அதில் 10-இல் கடத்தல் அரிசி. அங்கே நிற்பவர் கெட்டிக்காரர். கடத்தல் லாரியைப் பார்த்தால் 90 விழுக்காடு சந்தேகப்படுவார், நேர்மையான லாரியை 10 விழுக்காடுதான் தவறாகச் சந்தேகப்படுவார். இப்போது ஒரு லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். அதில் அரிசி இருக்க வாய்ப்பு எவ்வளவு?

90 என்று வாய் தானாக வரும். எண்ணுங்கள். கடத்தல் லாரி 10-இல் 9 ஓரங்கட்டப்படும். மிச்சமுள்ள 990-இல் 99-ம் ஓரங்கட்டப்படும். ஓரமாக நிற்பவை மொத்தம் 108. அதில் அரிசி உள்ளவை 9. ஆக 9/108, பன்னிரண்டில் ஒன்று! அவர் திறமையில் குறையில்லை. நேர்மையான லாரிகள் அத்தனை அதிகம், அதில் சிறு பங்கு தவறினாலும் 9-ஐ மூழ்கடித்துவிடுகிறது. "அரிசி இருந்தால் சந்தேகப்படுவது" கீழே 10 லாரியை வைக்கிறது. "சந்தேகப்பட்டால் அரிசி இருப்பது" கீழே 108 லாரியை வைக்கிறது. பேய்ஸ் தேற்றம் என்று வரும் நீளமான சூத்திரம் இந்த நாலு வரிதான். சூத்திரம் மறந்துபோனால் ஆயிரம் லாரியை நிறுத்துங்கள், மதிப்பெண் போகாது. மருத்துவப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் இதே கணக்குத்தான், விளைவு மட்டும் இன்னும் கனமானது.

இனி மாமா. 1967-இல் கேரள அரசு தொடங்கி, 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கல் நடத்தியபோது சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை வந்தபின் நம் ஊர்க்காரர்கள் எல்லையிலுள்ள கோட்டைவாசல் தாண்டிப் போய் எடுக்கிறார்கள். அன்றாடச் சீட்டின் அமைப்பைக் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 12 வரிசை, ஒவ்வொன்றிலும் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண், ஆக 1 கோடியே 8 லட்சம் சீட்டு. முதல் பரிசு ஒன்றுக்குத்தான். தினம் ஒன்றாக ஐம்பது வருடம் எடுத்தாலும் 18,250 சீட்டு. முதல் பரிசு ஒருமுறையாவது விழ ஏறத்தாழ 592-இல் ஒன்று. முதல் பரிசு ஒரு கோடி என்றால் ஒரு சீட்டில் அதன் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது சராசரியாகக் கிடைப்பது, 93 பைசா. சீட்டு 50 ரூபாய் என்று வையுங்கள். மிச்சத்தை மாமாவே யோசிக்கட்டும்.

சின்னப் பரிசுகள் கடைசி நான்கு எண்ணுக்கு. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் முடிவுகள். மேலே சொன்ன அமைப்பில் ஒவ்வொரு முடிவும் சரியாக 1,080 சீட்டில் இருக்கும், அதனால் சமவாய்ப்பு. 5,000 ரூபாய்ப் பரிசுக்கு 20 முடிவுகளைக் குலுக்கி எடுக்கிறார்கள் என்று வைத்தால், ஒரே சீட்டு இரண்டு விதமாக முடிய முடியாது, ஆகவே கூட்டலாம்: 20/10,000, அதாவது 500-இல் ஒன்று. மாமா சொன்ன 500 இதுவாக இருக்கலாம்.

500 குலுக்கலுக்கு ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றாவது விழுமா? 1/500-ஐ 500 தடவை கூட்டினால் 1 வருகிறது. அதுதான் மாமாவின் வாதம். ஆனால் இந்த நிகழ்ச்சிகள் விலக்குபவை அல்ல. இன்றைக்கும் விழலாம், அடுத்த வாரமும் விழலாம். கூட்டக் கூடாது. "ஒன்றாவது" என்ற சொல்லைக் கண்டால் நிரப்பு நிகழ்ச்சிக்கு, அதாவது அது நடக்காமல் போவதற்குப் போங்கள்: ஒன்றுகூட விழாமல் இருக்க 499/500-ஐ 500 தடவை பெருக்க வேண்டும். கிடைப்பது 0.368. நூற்றுக்கு 37 மாமாக்கள் 500 சீட்டு எடுத்தும் வெறுங்கையோடு திரும்புவார்கள். தாயத்திலும் இதேதான். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் இருக்க 7/8-இன் எட்டாம் அடுக்கு, 0.344. இந்த 8, 500 என்கிற எண் பெரிதாகப் பெரிதாக விடை 0.3679-ஐ நெருங்கும், கணிதத்தில் e எனப்படும் 2.71828-இன் தலைகீழ் அது. எட்டு தடவை விழவில்லை, ஒன்பதாவதில் விழுந்தே தீரும் என்று ஆச்சி சொன்னாலும் ஒன்பதாவதிலும் அதே எட்டில் ஒன்றுதான். கட்டைக்கு நினைவு கிடையாது. "ஒரு எண்ணில் தப்பிப் போச்சு, நெருங்கிட்டேன்" என்பதும் இந்த வகைதான். 4721 விழுந்த அன்று 4722 கையில் இருந்தாலும் 0035 இருந்தாலும் இரண்டும் ஒரே தோல்வி.

கூட்டியது தப்பு என்பது புதிய பாடமில்லை. 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதை ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதே கணக்கு வருகிறது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒருமுறையாவது ஆறு விழுமா, இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் ஒருமுறையாவது இரண்டிலும் ஆறு விழுமா? கூட்டினால் இரண்டுமே மூன்றில் இரண்டு. நிரப்பு வழியில் போனால் முதலாவது 51.8 விழுக்காடு, இரண்டாவது 49.1. பந்தயம் கட்டுகிறவனுக்கு லாபமும் நட்டமும் அந்த இடைவெளியில்.

இன்னொன்று, மாமாவிடம் கேளுங்கள். கடைகளில் கடைசி நான்கு எண்ணும் ஒன்றாக வருகிற சீட்டுகளைச் சேர்த்து "செட்" என்று விற்பார்கள். பன்னிரண்டு சீட்டு செட்டாக எடுக்கிறாரா, பன்னிரண்டும் வேறு வேறு எண்ணாக எடுக்கிறாரா? செட்டில் பன்னிரண்டும் சேர்ந்து விழும் அல்லது சேர்ந்து போகும். ஒன்றாவது விழ 500-இல் ஒன்று, 0.2 விழுக்காடு. வேறு வேறு எண்ணாக எடுத்தால் ஏறத்தாழ 2.4 விழுக்காடு. ஆனால் எதிர்பார்க்கும் பரிசுகளின் எண்ணிக்கை இரண்டிலும் 12/500, அதே 0.024. சராசரியைக் கூட்டும்போது சார்பு குறுக்கே வராது. சிதறலில்தான் அது வேலை செய்கிறது. அடுத்த அலகில் சிதறலை அளக்கும் விலக்க வர்க்கச் சராசரி வரும்போது இதைப் போட்டுப் பாருங்கள். வேறு வேறு எண்ணுக்குச் சுமார் 0.024, செட்டுக்கு 0.287 வர வேண்டும். பன்னிரண்டு மடங்கு.